மீரான் பாயின் பச்சை பெல்ட்டு

சாட்சி சொல்ல எழுந்தால் வைத்தியலிங்கம் முதலில் மடியிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுப்பான். ஒன்றரை முழம் இருக்கும். மாட்டுவண்டியில் பாரம் கட்டுகிற தேங்காய்நார்க் கயிறு. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்ப்பான். அழுகிற கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பார்க்கும். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பான்.

"பிரியமானவங்களே, நான் பெரிய குடிகாரன். காரைக்கால்ல எத்தன சாராயக்கடை உண்டோ அத்தன கடை வாசல்லயும் விழுந்து கெடந்தவன்."

கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று பத்துப்பேர் முன்னால் நின்று சொல்வதற்குத்தான் ஜெபவீட்டார் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் காய்ச்சல் விட்டதையும் காணாமல் போன கன்றுக்குட்டி கிடைத்ததையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வைத்தியலிங்கத்துக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். மூன்று வருஷமாக ஒரே கதைதான், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. புயலடித்த கார்த்திகையில் அரசலாற்றங்கரைக் கடையில் அவன் நினைவில்லாமல் கிடந்தது, கூரை பறந்தது, ஆறும் கடலும் ஒன்றானது. மறுநாள் பார்த்தால் ஒரு பனைமரத்தோடு சேர்த்து அவனைக் கயிற்றால் கட்டியிருந்தது.

"கட்டினது யாரு? ஒருத்தருக்கும் தெரியாது. மேலேருந்து எறங்கின கயிறு இது. அந்த மழையில எங் காதுக்குள்ள ஒரு கொரலு கேட்டுச்சு. 'அசையாம இரு, இந்தா வந்துடுறேன்'னு சொல்லிச்சு. திரும்பி வருவேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போன அந்தக் கொரலு யாரு கொரலு? சொல்லுங்க."

"ஏசுவே" என்று கூட்டம் சொல்லும். கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். ஊருக்குள் அவனுக்குக் 'கயிறு வைத்தி' என்றே பேர் ஆகிவிட்டது.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவன் மனைவி அன்னபூரணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். போதகர் ஞானசிகாமணி ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கேட்பார். "நீங்களும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்க வீட்டுலதானே இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கு."

"எனக்குப் பேச வராதுங்க ஐயா" என்பாள் அன்னபூரணி.

கட்டினது யாரென்று ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி அவள்தான்.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற சாமர்த்தியமெல்லாம் நமக்கு வேண்டாம். அந்த வேலையைச் செய்து அன்னபூரணி மூன்று வருஷம் பட்ட பாடே போதும்.

வைத்தியலிங்கம் அப்போது நாகூர் மீரான் பாயின் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆள். பாயின் வீடு அன்னபூரணியின் கொல்லைக்கு நேர் பின்னால், நடுவில் ஒரு கிளுவை வேலிதான். புயல் வந்த அன்று வேலையில்லை என்று விடிந்ததுமே வைத்தியலிங்கம் கடைக்குப் போய்விட்டான். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் காரைக்காலில் சாராயத்துக்குக் குறைவே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கேயிருந்தெல்லாம் ஆட்கள் நடந்தே வந்து குடித்துவிட்டுப் போவார்கள்.

உச்சிப்பொழுதுக்கு வாசல் முருங்கை சாய்ந்தது. அன்னபூரணி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு மீரான் பாய் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"பாய், அவரு ஆத்தங்கரைக் கடையில கெடக்காரு. ஆறு ஏறுதுங்குறாங்க. நீங்க போயி ஒரு சத்தம் போட்டா எந்திரிச்சு வந்துடுவாரு" என்றாள்.

பாய் வானத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "நீ வூட்டுக்குப் போ தங்கச்சி" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அதைப் பார்க்கத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் முட்டளவு சேற்றில் நடந்து போய் அவனைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மரத்தையும் ஆளையும் சேர்த்துச் சுற்றக் கையிலிருந்த பாரக்கயிற்றுத் துண்டு எட்டவில்லை போலிருக்கிறது. இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பச்சை பெல்ட்டைக் கோத்து இறுக்கியிருந்தது. மூன்று பை வைத்த அகலமான பெல்ட்டு. பாயின் இடுப்பை விட்டு அது இறங்கி யாரும் பார்த்ததில்லை. பாயைக் காணோம், அவர் பெல்ட்டு மட்டும் தன் புருஷன் மார்பில்.

அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். குடிகாரன் பாயை அடித்துப் போட்டுவிட்டுப் பெல்ட்டை உருவிக்கொண்டான் என்று ஊர் சொல்லும். அவிழ்த்து முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். ஆட்கள் வந்தபோது மரத்தில் சாய்ந்து கிடந்த அவனும், மார்பில் கட்டின தழும்பும், மேலே கிடந்த கயிறும்தான் இருந்தன. கண் விழித்து, "என்னை யாரு கட்டுனது?" என்று அவன் கேட்டான். ஏதாவது சொல்லவேண்டுமே, "ஆண்டவன்தான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்தான். புயல் நிவாரணத்துக்குக் கஞ்சித்தொட்டி வைக்க வந்த போதகர் அவனை முழங்காலில் நிற்கவைத்து ஜெபித்தார். அன்றைக்கு விட்டவன்தான், இன்றுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. அவளைத் தொட்டு அடிக்கவில்லை. சோமசேகரன் மண்டியில் மூட்டை தூக்கி, கூலியைக் கொண்டுவந்து நேரே அவள் கையில் கொடுக்கிறான்.

மூன்றாம் நாள் மீரான் பாயைக் கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் கடல் ஒதுக்கியது. நுகத்தடியிலிருந்து அவிழ்ந்த ஒரு காளை தானாக வீடு வந்து சேர்ந்தது. பாயின் இடுப்பில் பெல்ட்டு இல்லை. கடையைப் போட்டுவிட்டு ஓடும்போது அவர் சாராயக்கடைக்குள் நுழைந்ததை மட்டும் பார்த்தேன் என்று கடைக்காரன் பாலகுரு சொன்னான். ஊருக்கு இது போதாதா? இடுப்புப் பெல்ட்டைக்கூடக் கழற்றி வைத்துக் குடித்துவிட்டு ஆற்றில் போனான் மீரான் என்று பேச்சாகிவிட்டது. ஐந்து வேளை தொழுத மனுஷன்.

சொல்லிவிடலாம் என்று அன்னபூரணி நினைக்காத நாளில்லை. ஆனால் சொன்னால் கயிறு மேலேயிருந்து வந்ததாக இருக்காது. புருஷன் மறுபடி கடை வாசலுக்குப் போய்விட்டால்? உமிப்பானைக்குள் பெல்ட்டைப் புதைத்துவைத்தாள். அடுப்புக்கு உமி அள்ளும்போதெல்லாம் கை அதில் தட்டுப்படும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகப்போகிற புரட்டாசி அது. அன்னபூரணி கூலிக்கு நெல் அவிப்பவள். அண்டாவில் அவித்த நெல்லைக் கொல்லையில் பரப்பி, காலால் துழாவிக் காயவைக்க வேண்டும். அந்த மாதத்தில் வெயிலை நம்பமுடியாது. பிற்பகலில் மேற்கே கறுத்தால் நெல்லைக் குவித்துச் சாக்குப்போட்டு மூடவேண்டும், விட்டால் மறுபடி பரப்பவேண்டும். அது போக, மீரான் பாயின் மனைவி ஜொஹராவுக்குத் தினமும் காலையில் இடியாப்பத்துக்கு மாவு இடித்துக் கொடுப்பாள். ஜொஹரா இடியாப்பம் பிழிந்து, நாலு வீட்டுக்கு அனுப்பி ஜீவனம் நடத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மாவு வாங்க வேலியோரம் வந்த ஜொஹராவின் கண் வீங்கியிருந்தது.

"என்னா ஜொஹரா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு என்னாக்கா. மஹ்பூபாவுக்குத் திருமலராயம்பட்டினத்திலேருந்து ஒரு எடம் வந்துருக்குன்னு சொன்னேன்ல. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், ஜெய்னுலாபுதீன்னு பேரு. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வாராரு."

"நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் அழுவுறே?"

"அவரு காதுலயும் ஓதிட்டாங்க. சாராயக்கடையில மவுத்தாப் போனவன் மவளையா எடுக்கப் போறீங்கன்னு. இதோட மூணாவது எடம்க்கா. போன ரெண்டும் இதே பேச்சுலதான் போச்சு. இந்த மனுசன் நேர்ல வந்து விசாரிச்சுட்டு வேணாம்னு சொல்லிட்டுப் போவப் போறாரு, அம்புட்டுத்தான்."

அன்னபூரணி மாவுக்கூடையை நீட்டியபடியே நின்றாள்.

"இருபது வருசம் அவரோட குடும்பம் நடத்துனேன்" என்றாள் ஜொஹரா. "அவரு வாயில வெத்தல வாசம் தவிர வேற வாசம் நான் கண்டதில்ல. ஆனா ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இப்பல்லாம் எனக்கே ஒரு நேரம் சந்தேகமா வருதுக்கா. அந்த மழையில வூட்டுக்கு வர்ற வண்டிய அங்க எதுக்குத் திருப்புனாரு? அந்தக் கடையில அவருக்கு என்னா சோலி?"

கேட்டுவிட்டு அவள் மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அண்டாவில் நெல் வெடித்து வாய் பிளந்து வழிந்தது. அன்னபூரணி அதை இறக்க மறந்து, காய்ந்துவிட்ட இடத்தைத் திரும்பத் திரும்பக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். ஊர் சந்தேகப்பட்டது போதாதென்று கட்டின பெண்டாட்டியையும் சந்தேகப்பட வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை போதகர் வந்தார். சனிக்கிழமை தருமபுரத்தில் பெரிய கூட்டம், கொட்டகை போட்டாயிற்று, வெளியூரிலிருந்தெல்லாம் முந்நூறு பேர் வருகிறார்கள், வைத்தியலிங்கத்தின் சாட்சிதான் முக்கியம் என்றார். வைத்தியலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டையைத் துவைத்துப் போடச்சொன்னான். மத்தியானம் மண்டியிலிருந்து சாப்பிட வந்தவன், கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே சாட்சியின் ஆரம்பத்தைச் சொல்லிப் பார்த்தான்.

"என்னங்க" என்றாள் அன்னபூரணி. "அந்தக் கயிறு மேலேருந்து வரல."

"அப்புறம் எங்கேருந்து வந்துச்சு, கடைத்தெருவுலேருந்தா?" என்று சிரித்தான் அவன்.

அவள் உமிப்பானையைத் துழாவி பெல்ட்டை எடுத்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உமி ஒட்டிக்கொண்டு, பச்சை வெளுத்து, வார்ப்பூட்டு துருப்பிடித்திருந்தது. அவன் சோற்றுக்கையோடு அதைப் பார்த்தான்.

"இது பாயோடதுல்ல?"

"ஒங்கள மரத்துல கட்டியிருந்தது இதுதான். கயிறு எட்டல. பாயி இதக் கோத்துக் கட்டியிருக்காரு. அவரப் போகச் சொன்னது நாந்தான். தெருமொனையில நின்னு கெஞ்சுனேன். ஒங்களக் கூட்டியாரத்தான் அவரு கடைக்குப் போனாரு."

சொல்லச்சொல்ல அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவள் முழுவதையும் சொல்லி முடித்தாள். குழம்பில் ஈ வந்து உட்கார்ந்தது.

"மூணு வருசமா கடைசி வரிசையில தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தியே" என்றான். "நான் அத பக்தின்னுல்ல நெனச்சேன்."

"பயமா இருந்துச்சுங்க."

"திருநள்ளாத்துச் சந்தையில நின்னு சொல்லியிருக்கேன். நெடுங்காட்டுல, அம்பகரத்தூர்ல, பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கேன். நான் சொல்லிக் கேட்டு நாலு பேரு குடிய விட்டுருக்கான். அவனுவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"வெள்ளிக்கெழம ஜொஹரா வூட்டுக்குப் பொண்ணு பாக்க வாராங்க. அவுங்ககிட்ட சொல்லணும்."

"ஒனக்கு அவ கவல. ஏண்டி, ஒரு கிளாஸ் கையில இருந்தா குடிக்கலாமான்னு இன்னைக்கும் எனக்குத் தோணாத நாள் இல்ல, தெரியுமா? தோணும்போதெல்லாம் இந்தக் கயித்தத் தொட்டுக்கிருவேன். ஆண்டவன் எனக்குன்னு எறக்குனதுன்னு நெனச்சிக்கிட்டா அடங்கிரும். இது மீரான் பாயோட வண்டிக் கயிறுன்னா, நான் எதப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்?"

அன்னபூரணிக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பாள். "எனக்குத் தெரியலீங்க" என்றாள். "ஆனா பாயி ஏன் அங்க போனாருன்னு அவ கேக்குறா. அதுக்கு எனக்குப் பதிலு தெரியும்."

அவன் கை கழுவாமலே எழுந்தான். மடியிலிருந்த கயிற்றை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனான். மண்டிக்குப் போகிற வழி கிழக்கே. அவன் மேற்கே, ஆற்றுப்பக்கம் நடந்தான்.

அன்று அவன் திரும்பவில்லை. வியாழக்கிழமை காலையிலும் வரவில்லை. அன்னபூரணி நெல்லைப் பரப்பினாள், தூறல் விழுந்தது, அள்ளினாள். வெயில் வந்தது, பரப்பினாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், கொல்லைக்கு வந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. தரையில் கிடந்த கயிற்றை எடுத்து மாடத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் இருக்கிறதா என்று நாலு தரம் போய்ப் பார்த்தாள்.

போதகர் சைக்கிளில் வந்து அவனைத் தேடினார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கெட்ட மனிதரில்லை. ரொம்ப நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சொல்லவேண்டியதுதாம்மா. அதுல சந்தேகம் இல்லை. சனிக்கிழமைக் கூட்டம் முடியட்டுமே, அதுக்கப்புறம் நானே கூட வந்து சொல்றேன்."

"வெள்ளிக்கெழம முன்னாடியில்ல வருது ஐயா" என்றாள் அன்னபூரணி.

அவர் சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் அவள் ஆற்றங்கரைக்குப் போனாள். புயலுக்குப் பிறகு புதுக் கூரை போட்ட கடை, அதே பாலகுரு. அந்த வாசலில் போய் நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முன்பெல்லாம் புருஷனைத் தூக்கிவர நின்ற வாசல்தான்.

"நேத்து வந்தாரும்மா" என்றான் பாலகுரு. "மூணு வருசத்துக்கு அப்புறம் வாராரேன்னு நானே அசந்துட்டேன். ஒரு கிளாஸ் வாங்குனாரு. முன்னாடி வச்சிக்கிட்டு உக்காந்தே இருந்தாரு."

"குடிச்சாரா?"

"கடையில கூட்டம். நான் கவனிக்கல. அப்புறம் பாத்தா ஆளும் இல்ல, கிளாசும் காலி."

அன்னபூரணி திரும்பி நடந்தாள். தான் வாயைத் திறந்ததால் வந்தது இது என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இனி மூடினாலும் அந்தக் கிளாஸ் நிரம்பப் போவதில்லை. வழியெல்லாம் நின்று நின்று அழுதாள், யாராவது எதிரே வந்தால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து ஆட்கள் கலைகிற சத்தம் கேட்டது. அன்னபூரணி மாவுக்கூடைக்குள் பெல்ட்டையும் கயிற்றையும் வைத்து, மேலே துணி போட்டு மூடிக்கொண்டு வேலிச் சந்து வழியாக ஜொஹரா வீட்டுக் கொல்லைக்குப் போனாள்.

முன்கூடத்தில் ஜெய்னுலாபுதீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தாடி, கறாரான முகம். பக்கத்து முக்காலியில் தட்டு நிறைய இறால் வைத்துப் பொரித்த வாடாவும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் வைத்திருந்தது. அவர் எதையும் தொடவில்லை. தொட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார் போல. உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜொஹராவும் மஹ்பூபாவும் இருந்தார்கள்.

"ஐயா" என்று அன்னபூரணி அடுக்களைப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். "நான் பின்னாடி வூடு. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"யாரும்மா நீங்க? என்னா விசயம்?"

வைத்தியலிங்கம் எழுந்தால் கூட்டம் எப்படி அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கோ கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கூடையிலிருந்து பெல்ட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது மீரான் பாயோட பெல்ட்டு. மூணு வருசமா நாந்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அன்னபூரணி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. தெருமுனையில் கெஞ்சியது, பாய் வண்டியைத் திருப்பியது, மறுநாள் பெல்ட்டை அவிழ்த்தது, பயந்தது, ஆண்டவன்தான் என்று சொன்னது எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாக, கோர்வையில்லாமல் சொன்னாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஜெய்னுலாபுதீன் பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். "காரைக்கால்ல பச்சை பெல்ட்டு கட்டாத பாயி யாரும்மா இருக்கா? இது அவருதுன்னு எப்புடிச் சொல்றது?"

"நடுப்பையில மஞ்சத்துணி முடிச்சு ஒண்ணு இருக்கான்னு பாருங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஜொஹராவின் குரல் வந்தது. "மாட்டுப் புண்ணுக்கு வக்கிற மஞ்சளு. நாந்தான் கட்டிக் குடுப்பேன்."

அவர் பையைத் திறந்தார். காய்ந்து கல்லாகிப்போன முடிச்சு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா. நீங்க சொல்லி அவரு போனாரு. ஒத்துக்கிறேன். போன எடத்துல குடிக்கலேன்னு நீங்க எப்புடிச் சொல்வீங்க? நீங்க அங்க இல்லியே. நாளைக்கு எங்க ஜமாத்துல கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அவள் அங்கே இல்லைதான்.

"நான் இருந்தேங்க."

வாசல்படிக்கு வெளியே வைத்தியலிங்கம் நின்றுகொண்டிருந்தான். வேட்டியெல்லாம் ஆற்றுச்சேறு, இரண்டு நாள் தாடி, கண் சிவந்திருந்தது. அன்னபூரணி முற்றத்தைத் தாண்டிப் போய் அவன் முகத்துக்கு நேரே மூச்சை இழுத்துப் பார்த்தாள். சேற்று வாசம்தான் வந்தது.

"மண்ணுல ஊத்திட்டேன்" என்று அவளுக்கு மட்டும் கேட்கிறாப்போலச் சொன்னான். "ரெண்டு நாளா அந்தப் பனமரத்தடியிலதான் கெடந்தேன்."

உள்ளே வந்து ஜெய்னுலாபுதீன் முன்னால் நின்றான். வழக்கம்போலக் கை மடிக்குப் போயிற்று. மடியில் கயிறு இல்லை. கையை எடுத்துவிட்டான். சந்தையைக் கிடுகிடுக்க வைக்கிற குரலை இறக்கிப் பேசினான்.

"எனக்கு முழுசா ஞாபகம் இல்லீங்க. குடி. யாரோ கக்கத்துல கைய விட்டு இழுக்குறாங்க. தண்ணி இடுப்பு வரைக்கும். மரத்துல சாத்தி இறுக்குறாங்க. நான் அந்த ஆள அடிச்சேன், கெட்ட கெட்ட வார்த்தையில ஏசுனேன், அதுகூட ஞாபகம் இருக்கு. எந்தக் கூட்டத்துலயும் அத நான் சொன்னதில்ல. அந்த ஆளு எம் மொகத்துக்குக் கிட்ட, இம்புட்டுக் கிட்டத்துல வந்தாரு. வெத்தல வாசம் வந்துச்சு. குடிச்சவனுக்குக் குடிச்சவன் வாசம் தெரியுங்க. அவருகிட்ட அது இல்ல. மாட்ட அவுக்கணும்னு சொல்லிட்டுத் தண்ணியில எறங்குனாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?" திரை லேசாக அசைந்தது. கேட்டது ஜொஹரா.

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். நூறு கூட்டத்தில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன வார்த்தைதான். "அசையாம இரு, இந்தா வந்துடுறேன்னாரு."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"அசையாம இரு. இந்தா வந்துடுறேன்."

ஜொஹரா திரையை ஒதுக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி நிலைப்படிக்கு வந்துவிட்டாள். வெளி ஆண்கள் முன்னால் அவள் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

"இவ சின்னப் புள்ளையில வண்டியில ஏறணும்னு அழுவா" என்று மகளைக் காட்டினாள். "வாசல்ல ஒக்கார வச்சிட்டு இதேதான் சொல்லுவாரு. அசையாம இரு, இந்தா வந்துடுறேன்னு. சாயங்காலம் வர்ற வரைக்கும் இவ எடத்த விட்டு அசைய மாட்டா."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். மஹ்பூபா பின்னாலிருந்து உம்மாவைக் கட்டிக்கொண்டாள். அன்னபூரணியும் அழுதாள். அவளிடம் ஜொஹரா திரும்பினாள்.

"மூணு வருசம் ஒங்க கையிலதானேக்கா மாவு வாங்குனேன்."

அன்னபூரணி தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள்.

ஜெய்னுலாபுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, இத எங்க ஜமாத்துல வந்து சொல்வீங்களா?" என்று வைத்தியலிங்கத்தைக் கேட்டார்.

"சொல்றேங்க."

"நீங்களுமாம்மா?"

"வாரேங்க" என்றாள் அன்னபூரணி.

அவர் தட்டிலிருந்து ஒரு வாடாவை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஆறிப்போயிருந்த தேத்தண்ணீரையும் எடுத்துக் குடித்தார்.

அன்னபூரணி கூடையிலிருந்த கயிற்றை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி மடியில் செருகப் போனபோது ஜொஹரா பேசினாள். அழுத குரல்தான், ஆனால் நடுங்கவில்லை.

"நாளைக்குத் தருமபுரத்துல கூட்டமாமே. அங்கயும் போயிச் சொல்லுங்க. பேரச் சொல்லிச் சொல்லுங்க, நாகூர் மீரான்னு. அந்தக் கயிறும் எங்க வண்டிக் கயிறுதான். வச்சிட்டுப் போங்க."

வைத்தியலிங்கம் கயிற்றைப் பார்த்தான். விரல் அதை விடமாட்டேன் என்றது. பிறகு முக்காலிக்குப் போய், பெல்ட்டுக்குப் பக்கத்தில் அதைச் சுருட்டி வைத்தான்.

வேலிச் சந்தில் நடந்து வந்தார்கள். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது, நெல்லை அள்ளவேண்டும். அவன் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"நாளைக்கு முந்நூறு பேரு முன்னாடி வெறுங்கையோட நிக்கணும்" என்றான். "என்னால ஆவுமான்னு தெரியல."

"நில்லுங்க" என்றாள் அன்னபூரணி. "ஒங்களுக்கு முன்னாடி நான் எந்திரிச்சுச் சொல்றேன்."

முதல் தூறல் விழுந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லைக் குவிக்க ஓடினாள். அவனும் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.